முனையத்தில் என் கைப்பழக்கங்கள்: கற்றவையும் கைவிட்டவையும்

நான் நிரல் எழுதத் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளில், முனையத்தில், அதாவது கட்டளைகளை எழுத்தால் அடித்துக் கணினியை இயக்கும் சாளரத்தில், ஒரு நீண்ட கட்டளையை அடித்து முடித்தபின் அதன் தொடக்கத்தில் பிழை இருப்பது கண்ணில் பட்டால், இடப்பக்க அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கர்சர் எழுத்தெழுத்தாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிழையைத் தாண்டிப் போய்விட்டால் வலப்பக்க அம்புக்குறியால் திரும்பி வருவேன். பழைய கட்டளை ஒன்று வேண்டுமென்றால் மேல்நோக்கிய அம்புக்குறியை முப்பது, நாற்பது தடவை தட்டுவேன். அவசரத்தில் வேண்டிய கட்டளையையே தாண்டிப் போய், பிறகு கீழ்நோக்கித் தட்டிக்கொண்டு இறங்குவேன். இதை ஒரு குறையாகவே நான் எண்ணியதில்லை. எல்லோரும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள், சர்வர் ஒன்று இடைவிட்டு இடைவிட்டுப் பதில் தராமல் போனதற்கான காரணத்தைத் தேடி, நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளை அலசிக்கொண்டிருந்தேன். அருகில் ஒரு மூத்த சகப் பணியாளர் அமர்ந்திருந்தார். கிரெப்பில் தொடங்கி, ஆக், சார்ட், யூனிக் என்று, வரிகளைத் தேடவும் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் உதவும் சிறு நிரல்களை, ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி குழாய் போட்டு இணைத்த ஒரு கட்டளை திரையில் இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. தேடுசொல்லை மாற்றுவதற்காக மூன்றாவது முறை நான் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தபோது அவர் கேட்டார்: “வரியின் தொடக்கத்துக்குப் போக கண்ட்ரோல்-ஏ இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?” நான் கண்ட்ரோல் விசையோடு ஏ எழுத்தை அழுத்தினேன். கர்சர் அந்தக் கணமே தொடக்கத்தில் போய் நின்றது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதற்கு முந்தைய இரண்டு முறையும் கர்சர் போய்ச் சேர்வதற்குள், அடுத்து எந்தச் சொல்லைத் தேட நினைத்தேன் என்பதை மறந்து, மறுபடி யோசித்திருந்தேன். அம்புக்குறியில் வீணான நேரம் நான்கைந்து நொடிதான். ஆனால் அந்த நொடிகளில் அறுந்துபோன யோசனையை மீண்டும் கோத்தெடுக்க ஆன நேரத்துக்குக் கணக்கே இல்லை. குறுக்குவிசைகள் எத்தனை நொடியை மிச்சப்படுத்தும் என்று கணக்குப் போட்டு, அவற்றைக் கற்பதில் பயனில்லை என்று முடிவு செய்பவர்களைப் பின்னாளில் சந்தித்திருக்கிறேன். கையில் எடுத்த யோசனை கலையாமல் இருப்பதை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை.

அன்று மாலையே, நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான பாஷ் ஷெல்லில் வரியைத் திருத்த உதவும் விசைகளைத் தேடிப் படித்தேன். அவற்றைத் தருவது ரீட்லைன் என்ற நிரல் நூலகம். கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989ஆம் ஆண்டு வெளிவந்தது. ரீட்லைனும் அவர் தொடங்கி வைத்ததுதான். இரண்டையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் செட் ரேமி. இந்த விசைகளில் பெரும்பாலானவை ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியிலிருந்து வந்தவை. எனவே ஏ தொடக்கத்துக்கும், இ முடிவுக்கும் கொண்டு செல்லும். ஆல்ட்-பி ஒரு சொல் பின்னோக்கியும் ஆல்ட்-எஃப் ஒரு சொல் முன்னோக்கியும் நகர்த்தும். கண்ட்ரோல்-டபிள்யூ கர்சருக்கு முந்தைய சொல்லையும், கண்ட்ரோல்-யூ தொடக்கம் வரை உள்ள அனைத்தையும், கண்ட்ரோல்-கே முடிவு வரை உள்ள அனைத்தையும் வெட்டும். இவற்றைக் கற்பதில் போடும் உழைப்பு ஷெல்லோடு நின்றுவிடுவதில்லை. பைத்தானின் ஊடாடும் முனை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்கியூஎல், பிழைதிருத்தியான ஜிடிபி ஆகியவற்றிலும் இதே விசைகள் வேலை செய்கின்றன. மேக் கணினியில் சாதாரணமாக எழுத்து அடிக்கும் கட்டங்களில்கூட ஏ, இ, கே மூன்றும் பலிக்கும். ஒரு தடவை கற்றதை இத்தனை இடங்களில் பயன்படுத்த முடிவது நம் துறையில் அரிது.

இவற்றில் எனக்கு மிகப் பெரிய உதவியாக அமைந்தது நகர்த்தும் விசைகள் அல்ல, வெட்டும் விசைகள். கண்ட்ரோல்-யூ வெட்டிய எழுத்துகள் அழிந்துபோவதில்லை. ரீட்லைன் அவற்றைத் தனியே வைத்திருக்கும். கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் திரும்ப வரும். நீளமான ஒரு கட்டளையைப் பாதி அடித்த நிலையில், முதலில் வேறு அடைவுக்கு (கோப்புறைக்கு) போயிருக்க வேண்டும் என்றோ, கோப்பின் பெயரைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்றோ தோன்றுவது அன்றாடம் நடப்பது. முன்பு அந்தப் பாதிக் கட்டளையை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பேன். அல்லது வேறொரு சாளரத்தைத் திறப்பேன். இப்போது கண்ட்ரோல்-யூ அழுத்தி அதை ஓரமாக வைத்துவிட்டு, வேண்டியதைப் பார்த்துவிட்டு வந்து, கண்ட்ரோல்-ஒய் அழுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் தவறாமல் சொல்கிறேன்.

இதற்கு இணையாக நான் மதிப்பது ஆல்ட்-புள்ளி. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை அது கர்சர் இருக்கும் இடத்தில் கொண்டுவந்து வைக்கும். மீண்டும் மீண்டும் அழுத்தினால் அதற்கும் முந்தைய கட்டளைகளின் கடைசிச் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். ஓர் அடைவை உருவாக்குகிறோம், உடனே அதற்குள் போக வேண்டும். ஒரு கோப்பைப் பார்க்கிறோம், உடனே அதைத் திருத்த வேண்டும். நம் கட்டளைகளில் பெரும்பாலானவை முன் சென்ற கட்டளையின் பொருளையே பற்றி நடப்பவை. அந்தப் பெயரை மறுபடி அடிக்காமல் இருப்பதால் பெயரில் பிழை நேர்வதும் இல்லை. மேக் கணினியில் இது வேலை செய்யவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முனையச் செயலியின் அமைப்பில் ஆப்ஷன் விசையை மெட்டா விசையாக, அதாவது ஆல்ட்டாக, கருதும்படி ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் போதும். இல்லையென்றால் எஸ்கேப் விசையைத் தட்டிவிட்டுப் புள்ளியைத் தட்டலாம்.

கற்ற முறையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இருபது விசைகளை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அம்புக்குறியில் என் கையும் அங்கேயே இருந்தது. பிறகு தாளைக் கிழித்துவிட்டு, இந்த வாரம் கண்ட்ரோல்-டபிள்யூ மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பழைய முறையில் ஒரு சொல்லை அழித்துவிட்டால், அதே சொல்லை மறுபடி அடித்துப் புதிய முறையில் அழித்துவிட்டுத்தான் மேலே போவேன். அது எரிச்சலூட்டும் பயிற்சிதான். ஆனால் நான்காம் நாளில் விரல் தானாகப் போயிற்று. அடுத்த வாரம் அடுத்த விசை. இப்படி மூன்று மாதங்களில் பன்னிரண்டு விசைகள் பழகின. அதற்கு மேல் நான் வலிந்து சேர்க்கவில்லை; சேர்த்தவையும் தங்கவில்லை.

அடுத்து வருவது கட்டளை வரலாறு. என் வேலையை மிகவும் மாற்றியதும் இதுதான், எனக்குப் பெரிய இழப்பைத் தந்ததும் இதுதான். கண்ட்ரோல்-ஆர் அழுத்தி, வேண்டிய பழைய கட்டளையின் ஏதாவது ஒரு துண்டை அடித்தால், அந்தத் துண்டு இடம்பெற்ற கட்டளைகளில் மிக அண்மையது திரையில் வரும். மறுபடி கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் அதற்கு முந்தையது வரும். ஆனால் பாஷ் தன் இயல்பில் 500 கட்டளைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். நாள் முழுவதும் முனையத்தில் இருப்பவருக்கு அது சில நாள் சரக்குதான். ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் என்ற இரண்டு மாறிகளின் மதிப்பை உயர்த்தினால் இந்த எல்லை நீங்கும். என்னுடையது ஒரு லட்சம். இன்னொரு சிக்கல், ஷெல்லை மூடும்போதுதான் வரலாறு கோப்பில் எழுதப்படுகிறது என்பது. இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்திருந்தால், கடைசியாக மூடப்பட்டது முந்தையது எழுதியதன் மேலேயே எழுதிவிடக்கூடும். ஹிஸ்ட்அப்பெண்ட் என்ற தெரிவை இயக்கினால் ஒவ்வொரு சாளரமும் கோப்பின் இறுதியில் சேர்த்து எழுதும். இதை அறியாத காலத்தில், மிகவும் பாடுபட்டுக் கட்டிய கட்டளைகளைத் தொலைத்துவிட்டு, நேற்று அடித்தேனே, எங்கே போயிற்று என்று பலமுறை தேடியிருக்கிறேன்.

வரலாற்றைப் பற்றி நானாகக் கண்டுகொண்ட ஒரு வழி உண்டு. ஆண்டில் இரண்டு முறை மட்டும் தேவைப்படும் நீண்ட கட்டளையில் எந்தத் துண்டை அடித்துத் தேடுவது என்பது அப்போதைக்கு நினைவில் இராது. எனவே அத்தகைய கட்டளையின் இறுதியில் எண்குறி (#) இட்டு, ஒரு குறிப்பை எழுதிவிடுகிறேன்: சான்றிதழ் காலாவதி பார்க்க, தரவுத்தளப் பிரதி எடுக்க என்பதுபோல. எண்குறிக்குப் பின் வருவதை ஷெல் பொருட்படுத்தாது. வரலாற்றிலோ அது கட்டளையோடு சேர்ந்தே தங்கும். ஆறு மாதம் கழித்து ‘காலாவதி’ என்று தேடினால் கட்டளை வந்து நிற்கிறது. பாஷுக்குப் பதிலாக ஸீஷெல் என்ற வேறொரு ஷெல்லைப் பயன்படுத்துபவர்கள், ஊடாடும் நிலையில் குறிப்புகளை ஏற்கும் தெரிவை முதலில் இயக்க வேண்டும். இல்லையென்றால் அது எண்குறியையும் கட்டளையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி அந்த இழப்பு. கண்ட்ரோல்-ஆர் என் விரல்களில் நன்றாக ஊறிப்போன பிறகு, தேடுவதும் இயக்குவதும் எனக்கு ஒரே அசைவாகிவிட்டன. கண்ட்ரோல்-ஆர், நான்கைந்து எழுத்துகள், என்டர். திரையை நான் பார்ப்பதே இல்லை. என்ன வரும் என்று தெரியும் என்ற நம்பிக்கை. அந்த நாட்களில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது ‘மேக் கிளீன்’ என்ற கட்டளையை இயக்குவேன். அது நிரலைத் தொகுத்து உருவான கோப்புகளை மட்டும் நீக்கும், தீங்கில்லாதது. அதைத் தேடக் ‘கிளீன்’ என்று அடித்தால் போதும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதேபோல கண்ட்ரோல்-ஆர் அழுத்தி, ‘கிளீன்’ என்று அடித்து, என்டரையும் தட்டினேன். வந்த கட்டளை வேறு. அன்று காலை, வேறொரு திட்டத்தின் அடைவைத் துப்புரவாக்குவதற்காக, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ‘கிட் கிளீன்’ என்ற கட்டளையை எஃப், டி, எக்ஸ் என்ற மூன்று தெரிவுகளோடு இயக்கியிருந்தேன். கிட் தன் கண்காணிப்பில் வைத்திராத எல்லாக் கோப்புகளையும், புறக்கணிக்கும்படி நாம் குறித்து வைத்தவற்றையும் சேர்த்து, அடைவுகளோடு நீக்கும் கட்டளை அது. வரலாற்றில் ‘கிளீன்’ என்ற சொல் கொண்ட மிக அண்மைக் கட்டளை அதுவாக இருந்ததால், கண்ட்ரோல்-ஆர் அதைத்தான் எடுத்துக் கொடுத்தது. கருவியின் மேல் ஒரு பிழையும் இல்லை.

நீக்கப்பட்டவற்றின் பெயர்கள் திரையில் ஓடுவதைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. மூன்று நாட்களாகக் கையால் தொகுத்த சோதனைத் தரவுக் கோப்புகள், இன்னும் கிட்டில் சேர்க்காதவை, போயின. என் கணினிக்கு மட்டும் உரிய இணைப்பு விவரங்களும் திறவுச்சொற்களும் இருந்த அமைப்புக் கோப்பு போயிற்று. முனையத்தில் நீக்கியவை குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. அமைப்புக் கோப்பை மறுபடி எழுதிவிட முடிந்தது. தரவுக் கோப்புகளுள் ஒன்று மட்டும் தொகுப்பியில் திறந்திருந்ததால் தப்பியது. மற்றவற்றை அடுத்த வாரம் முழுவதும் உட்கார்ந்து மீண்டும் உருவாக்கினேன். இரண்டாம் முறை உருவாக்கியவை முதல் முறை அளவுக்கு நன்றாக வரவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

அதன் பிறகு கண்ட்ரோல்-ஆரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை, அதை இரண்டாகப் பிரித்தேன். தேடிக் கிடைத்ததும் என்டரைத் தட்டுவதற்குப் பதிலாக கண்ட்ரோல்-இ அழுத்துகிறேன். அது தேடலை முடித்து, கட்டளையை இயக்காமல், கர்சரை வரியின் இறுதியில் வைக்கும். கண் அந்த வரியை ஒருமுறை கடந்த பிறகே என்டர். முன்பு கற்ற அசைவின் நடுவில் ஓர் அசைவைச் செருகுவது, புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் பிடித்தது. கூடவே இரண்டு அரண்களை அமைத்தேன். ஹிஸ்ட்இக்னோர் என்ற மாறியில், நீக்கும் கட்டளைகளின் வடிவங்களை எழுதி வைத்தேன். அந்த வடிவத்துக்கு ஒத்தவை வரலாற்றில் சேரவே சேரா. ஒவ்வொரு முறையும் புதிதாக அடித்தாக வேண்டும். ‘கிட் கிளீன்’ கட்டளையை எப்போதும் முதலில் என் என்ற தெரிவோடு இயக்குகிறேன்; எவற்றை நீக்கும் என்று பட்டியலிட்டுக் காட்டுவதோடு அது நின்றுவிடும். இரண்டு ஆச்சரியக்குறிகளால் முந்தைய கட்டளையை அப்படியே மறுபடி இயக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஹிஸ்ட்வெரிஃபை என்ற தெரிவு இருக்கிறது. விரித்தெழுதிய கட்டளையை அது முதலில் வரியில் காட்டும், இயக்குவது இரண்டாவது என்டரில்தான்.

நீக்கும் கட்டளைகளை அடிப்பதிலும் இதே கவனத்தை வளர்த்துக்கொண்டேன். நட்சத்திரக் குறியோடு எதையாவது நீக்க வேண்டுமென்றால், முதலில் அதே வடிவத்தை கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையோடு இயக்கிப் பட்டியலைப் படிப்பேன். பிறகு மேல் அம்புக்குறியால் அதைத் திரும்ப எடுத்து, கண்ட்ரோல்-ஏ அழுத்தி, ஆல்ட்-டி அழுத்தி ‘எல்எஸ்’ என்பதை வெட்டிவிட்டு, நீக்கும் கட்டளையான ‘ஆர்எம்’ என்று அடிப்பேன். பார்த்த வடிவமே நீக்கப்படும். இடையில் ஒரு வெற்றிடம் தவறி விழுந்து பொருள் மாறிப்போக வழியில்லை. நீளமான பாதையோடு கூடிய கட்டளை என்றால், அடிக்கத் தொடங்கும்போதே வரியின் முதலில் எண்குறியை வைத்துவிடுகிறேன். என்டர் விசை மேற்கோள்குறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாதையைப் பாதி அடித்த நிலையில் விரல் தவறி அதன்மேல் பட்டாலும், எண்குறி இருப்பதால் ஒன்றும் நடக்காது. முழுக் கட்டளையையும் படித்துப் பார்த்த பிறகு எண்குறியை எடுப்பேன். சிலர் தெரிவுகளைக் கட்டளையின் இறுதியில் எழுதிப் பாதுகாப்புத் தேடுகிறார்கள். லினக்ஸில் அது பலிக்கும், மேக்கில் உள்ள ‘ஆர்எம்’ இறுதியில் வருவதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும் என்பதால் நான் அதைப் பழகவில்லை.

இங்கே ஒரு பரவலான அறிவுரையோடு நான் மாறுபடுகிறேன். ‘ஆர்எம்’ என்று அடித்தால், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும் தெரிவோடு அது இயங்கும்படி மாற்றுப்பெயர் அமைத்துக்கொள்ளுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படி வைத்திருந்தேன். அதனால் வந்தது, கேட்கும் என்ற எதிர்பார்ப்பில் பொறுப்பில்லாமல் அடிக்கும் பழக்கம். அந்த அமைப்பு இல்லாத ஒரு சர்வரில், கேட்டால் ‘வேண்டாம்’ சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு பரந்த வடிவம் ஒன்றைக் கொடுத்தேன். அது கேட்கவில்லை. இழந்தவை பழைய லாக் கோப்புகள்தான் என்பதால் தீங்கு பெரிதாகவில்லை. மாற்றுப்பெயரை அன்றே நீக்கிவிட்டேன். அனுமதி கேட்பது வேண்டுமென்றால் அதற்கு வேறொரு புதிய பெயர் வையுங்கள். எல்லா இடத்திலும் இருக்கும் பெயருக்கு உங்கள் கணினியில் மட்டும் வேறு பொருள் கொடுத்தால், கை அந்தப் பொருளையே எங்கும் எதிர்பார்க்கும்.

வேறு செயலிகளிலிருந்து முனையத்துக்குள் வந்துவிட்ட பழக்கங்கள் இரண்டும் எனக்குத் தொல்லை தந்தன. கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் முனையம் உறைந்துவிடும். எதை அடித்தாலும் திரையில் தோன்றாது. கணினி முடங்கிவிட்டது என்று எண்ணி, அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலையோடு சாளரத்தையே ஒருமுறை மூடியிருக்கிறேன். கண்ட்ரோல்-க்யூ அழுத்தியிருந்தால் மீண்டிருக்கும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 19, 17 என்ற எண்களைக் கொண்ட இந்த இரண்டும், தொலையச்சுக் கருவிகளின் காலத்தில் தரவின் ஓட்டத்தை நிறுத்தவும் தொடரவும் பயன்பட்ட குறிகள். நொடிக்குப் பத்து எழுத்து அச்சிடும் கருவிக்கு அது தேவைப்பட்டது. இன்று அந்த ஏற்பாட்டை ‘எஸ்டிடிஒய்’ கட்டளைக்கு மைனஸ் ஐக்ஸான் என்ற தெரிவைக் கொடுத்து அணைத்துவிடலாம். அணைத்தால் கூடுதல் பயன் ஒன்றும் உண்டு: கண்ட்ரோல்-ஆரில் வேண்டியதைத் தாண்டிப் போய்விட்டால், கண்ட்ரோல்-எஸ் எதிர்த்திசையில் தேடித் திரும்பி வரும்.

மற்றொன்று, செய்ததைத் திரும்பப் பெறும் நினைப்பில் கண்ட்ரோல்-ஸெட் அழுத்துவது. ஷெல்லில் அது ஓடும் நிரலை முடிப்பதில்லை, இடைநிறுத்துகிறது. சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த சர்வரை இப்படி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால், சர்வர் இணைப்புகளை ஏற்கும் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். இடைநின்ற நிரல் போர்ட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். ‘ஜாப்ஸ்’ என்று அடித்தால் நின்றிருப்பவை தெரியும். ‘எஃப்ஜி’ என்று அடித்தால் முன்னுக்கு வரும். பிறகு கண்ட்ரோல்-சி கொண்டு முறையாக முடிக்கலாம். பொருள் தெரிந்த பிறகு இதே விசை எனக்குப் பயனுள்ளதாகிவிட்டது. தொகுப்பியில் இருக்கும்போது கண்ட்ரோல்-ஸெட் அழுத்தி வெளியே வந்து, ஒரு கட்டளையை இயக்கிப் பார்த்து, ‘எஃப்ஜி’ அடித்து உள்ளே போகிறேன்.

கடவுச்சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ஹிஸ்ட்கன்ட்ரோல் மாறியில் இக்னோர்ஸ்பேஸ் என்று வைத்தால், வெற்றிடத்தோடு தொடங்கும் கட்டளைகள் வரலாற்றில் சேரா. ஆனாலும் கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் அடிப்பதே தவறு. கட்டளை ஓடும் நேரத்தில் அதே கணினியின் பிற பயனர்கள், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கொண்டு அதைப் பார்த்துவிட முடியும்.

மூன்று நான்கு வரிக்கு மேல் நீளும் கட்டளைகளை வரியிலேயே திருத்துவதை விட்டுவிட்டேன். கண்ட்ரோல்-எக்ஸ், அதைத் தொடர்ந்து கண்ட்ரோல்-இ அழுத்தினால் கட்டளை நம் தொகுப்பியில் திறக்கும். சேமித்து வெளியேறினால் இயங்கும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பாஷில், மனம் மாறிச் சேமிக்காமல் வெளியேறினாலும், திறந்தபோது இருந்த பழைய கட்டளை இயங்கிவிடும். இயக்க வேண்டாம் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுச் சேமிக்க வேண்டும். விம் தொகுப்பியின் பயனர்கள் முக்காற்புள்ளி இட்டு ‘சிக்யூ’ அடித்து வெளியேறலாம். வேறிடத்திலிருந்து பல வரிகளை நகலெடுத்து ஒட்டும்போது, முன்பெல்லாம் ஒவ்வொரு வரியும் ஒட்டிய கணமே இயங்கிவிடும். 2020 இறுதியில் வந்த பாஷ் 5.1 முதல், ஒட்டியவை அப்படியே நின்று நம் என்டருக்குக் காத்திருக்கின்றன. பழைய பதிப்பு ஓடும் சர்வர்களில் இந்தக் காப்பு இல்லை என்பதால், எங்கும் முதலில் தொகுப்பியில் ஒட்டிப் படிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இத்தனை விசைகளுக்கும் கண்ட்ரோல் வேண்டும். இடக்கைச் சுண்டுவிரல் கீழ்மூலைக்கு வளைந்து வளைந்து, இரண்டாம் ஆண்டில் வலி தொடங்கியது. இரவில் முழங்கை வரை இழுக்கும். கேப்ஸ்லாக் விசையைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொண்ட பிறகு, சில வாரங்களில் அந்த வலி குறைந்தது. இந்த மாற்றம் புதுமை ஒன்றும் அல்ல. வீஐ தொகுப்பியை எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய, 1976ஆம் ஆண்டின் ஏடிஎம்-3ஏ முனையத்தில் கண்ட்ரோல் விசை ஏ எழுத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதே முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. வீஐயில் அவை நகர்த்தும் விசைகள் ஆனது அதனால்தான். அலைக்குறியும் (~) ‘ஹோம்’ என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன. இன்றும் நம் சொந்த அடைவை அலைக்குறியால் குறிக்கிறோம். நாம் அழுத்தும் விசைகளின் இடம் யாரோ ஒருவரின் மேசையில் இருந்த கருவியிலிருந்து வந்தது என்று அறிந்தபோது, அதை என் கைக்கேற்ப மாற்றிக்கொள்வதில் இருந்த தயக்கம் போய்விட்டது. வலி வந்த பிறகு மாற்றாதீர்கள், வருவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். வலி நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போட வேண்டாம்.

அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும் ஆர்வம் எனக்கும் இருந்தது. ஒரு காலத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றுப்பெயர்கள் வைத்திருந்தேன். ‘எல்எஸ்’, ‘சிபி’, ‘எம்வி’ என்று ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் கட்டளைகளை இன்னும் ஓர் எழுத்தாகச் சுருக்கியிருந்தேன். நள்ளிரவில் ஒரு சர்வர் பழுதானபோது, என் அமைப்புகள் எதுவும் இல்லாத வெறும் ஷெல்லில் உட்கார வேண்டி வந்தது. அங்கே என் மாற்றுப்பெயர்கள் ஒவ்வொன்றும் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று திரும்பி வந்தன. முழுக் கட்டளையின் தெரிவுகள் எனக்கு மறந்துபோயிருந்தன. கண்ட்ரோல்-ஆரும், கண்ட்ரோல்-யூவும், ஆல்ட்-புள்ளியும் மட்டும் வழக்கம்போலவே வேலை செய்தன. இப்போது என்னிடம் இருப்பவை ஒன்பது மாற்றுப்பெயர்கள். அவையும் பல கட்டளைகளைக் கோத்துச் செய்யும் வேலைகளுக்கு மட்டும்தான். எஃப்இஸட்எஃப் போன்ற கருவி கண்ட்ரோல்-ஆரின் பட்டியலை அழகாக விரித்துக் காட்டும். என் கணினியில் அதை மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறேன். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அதை அணைத்துவிட்டு, வெறும் ஷெல்லின் தேடலிலேயே வேலை செய்கிறேன்.

தொலைவில் உள்ள சர்வரில் நுழைந்ததும் என் கை முதலில் அடிப்பது ‘டிமக்ஸ்’. இணைப்பு அறுந்தாலும் ஓடும் வேலை அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மீண்டும் இணைந்து, விட்ட இடத்தில் தொடரலாம். அதன் கட்டளைகளுக்கு முன் அழுத்த வேண்டிய முன்விசை கண்ட்ரோல்-பி. இதே வேலையைச் செய்யும் பழைய ஸ்கிரீன் கருவியைப்போல கண்ட்ரோல்-ஏ என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். அப்படி மாற்றினால் வரியின் தொடக்கத்துக்குப் போகும் விசை பறிபோகும் என்பதால் நான் மாற்றவில்லை. நேரடிப் பயன்பாட்டில் உள்ள சர்வர்களின் உள்ளீட்டு வரியைச் சிவப்பு நிறமாக்கி வைத்திருக்கிறேன். சாளரம் மாறி அடித்துவிடும் ஆபத்துக்கு இதைவிட எளிய தடுப்பை நான் காணவில்லை. சிவப்பு வரி தெரியும் இடத்தில், என்டரைத் தட்டும் முன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, கட்டளையை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன்.